கறி தின்ன வந்தவன்

"பிணத்தை வண்டியில வச்சுட்டு இங்க உக்காந்து கறி திங்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

எசென்குல் அண்ணன் போட்ட சத்தத்தில், கூடாரத்துக்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்கள்.

அவர் எங்கள் குடியிருப்பின் கமிட்டித் தலைவர். அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. மூன்றாவது மாடி கெனெஷ்பெக்கின் அம்மா சாய்கால் இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள், அடக்கம் செய்கிற நாள். கெனெஷ்பெக் பெரிய கை. பிஷ்கெக்கில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில்தான் நின்றார்கள். நடுவில் கம்பளிக் கூடாரம், இரண்டு குதிரை அறுத்து விருந்து. இந்த நேரம் பார்த்து நகராட்சியின் அனாதைப் பிண வண்டி உள்ளே நுழைந்து கூடாரத்துக்குப் பின்னால் நின்றது.

டிரைவர் சோரோன்பாய் இறங்கினான். இறங்கியவன் சும்மா வந்தானா? துக்கத்துக்கு வந்த மற்ற ஆண்களைப் போலவே, "ஐயோ, என்னைப் பெத்த தாயே!" என்று கதறிக்கொண்டே ஓடி வந்தான். சாய்கால் அம்மாவை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பந்தியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, தொழுகை எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"எத்தனை பேரு நிப்பாங்க?"

"முந்நூறு பேருக்குக் குறையாது. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதாண்ணே." இன்னொரு எலும்பை இழுத்துக்கொண்டான்.

எத்தனை பந்தி ஓடும் என்று கணக்குப் பார்க்கிறான் என நினைத்தேன். அதற்குள் எசென்குல் அண்ணன் வந்துவிட்டார்.

"அரசாங்கம் உனக்குச் சம்பளம் குடுக்குறது பிணத்தைப் பொதைக்கவா, எங்க குதிரை அறுக்கிறாங்கன்னு மோப்பம் பிடிக்கவா?"

"காலையிலேருந்து சவக்கிடங்கு வாசல்லயே நின்னேன். பசிக்குதுண்ணே."

"வண்டியில ஒரு மனுஷன் கிடக்கிறாரேடா!"

"அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்லண்ணே. யாராச்சும் வருவாங்களான்னு இருபது நாளாக் காத்துக்கிடந்தவருதானே."

"வாய் வேற! மொதல்ல வண்டியை எடு. ஒரு கௌரவமான சாவு நடக்குற எடத்துல அனாதைப் பிணத்தைக் கொண்டாந்து நிறுத்துவியா? உங்க ஆபீஸ் நம்பர் என்கிட்ட இருக்கு. போன மாசம்கூடப் பேசியிருக்கேன். உன் வேலைக்கு வேட்டு வைக்கலன்னா என் பேரு எசென்குல் இல்ல!"

"தாராளமா வைங்கண்ணே. தொழுகை மட்டும் முடியட்டும்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. யாருமில்லாத ஒரு ஜீவனுக்கு அரசாங்கம் உடலைச் சுற்றக் கபன் துணி கொடுக்கிறது, குழி கொடுக்கிறது, வண்டி கொடுக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த நாடு எப்படி உருப்படும்?

ஒரு மணிக்கு ஆண்கள் எல்லோரும் வரிசை கட்டினோம். சாய்கால் அம்மாவின் உடலைப் பூக்கம்பளத்தில் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

அப்போது வண்டியின் பின்கதவு திறந்தது. சோரோன்பாயும் முற்றத்தில் நின்ற சுமையாள் ஒருவனும் சாம்பல் நிறப் போர்வையில் சுற்றிய ஓர் உடலைத் தூக்கி வந்தார்கள். இமாம் முன்பே தெரிந்தவர் போலத் தலையசைத்து இடத்தைக் காட்டினார். சாய்கால் அம்மாவுக்கு முன்னால், தன் காலடியில்.

கெனெஷ்பெக் துள்ளிக் குதித்தான். "என்ன ஹஜ்ரத் இது? எங்கம்மாவுக்கு முன்னால எவனோ ஒருத்தனையா வைக்கிறது?"

"ஆம்பளைன்னா எனக்குப் பக்கத்துல, பொம்பளைன்னா அதுக்கு அடுத்து. அதான் முறை. ரெண்டு பேருக்கும் ஒரே தொழுகை போதும்."

"இது எங்கம்மாவுக்காகக் கூடின கூட்டம்!"

"தொழுகை என்ன கறியாப்பா, பங்கு கொறைஞ்சு போக? வரிசையில நில்லு."

சோரோன்பாய் என் பக்கத்தில் வந்து நின்றான். "மத்த நாள்ல நானும் குழி வெட்டுறவரும் ரெண்டே பேருதாண்ணே நிப்போம்" என்றான் மெதுவாக. "இன்னிக்கு இவருக்கு முந்நூறு பேரு."

அவன் எண்ணியது பந்தியை இல்லை, எங்களை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும், கௌரவமான வீட்டுத் துக்கத்தில் இப்படியா திருட்டுத்தனமாக நுழைவது என்று உள்ளே ஒரு எரிச்சல் இருந்துகொண்டேதான் இருந்தது.

தொழுகை முடிந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்க இமாம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சாய்கால் எப்படிப்பட்டவங்க?"

"நல்லவங்க! நல்லவங்க! நல்லவங்க!"

"இந்த மனுஷன் எப்படிப்பட்டவர்?"

பழகிய வாய், யோசிக்கவில்லை. "நல்லவர்! நல்லவர்! நல்லவர்!" எசென்குல் அண்ணனின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. நானும் கத்தினேன்.

"அவர் பேரு என்ன?" என்றார் இமாம்.



"இது கவர்மெண்ட் பொதைக்கிற பிணம் ஹஜ்ரத்" என்று சலித்துக்கொண்டார் எசென்குல் அண்ணன். "ஊரு பேரு தெரியாத அனாதை. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோரோன்பாய் வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"மாம்பெத்குல், ஹஜ்ரத். சொந்த வீட்டு வாசல்லேருந்து கடைசியாக் கிளம்பட்டும்னுதான் இங்க கொண்டாந்தேன். முப்பத்திநாலாம் நம்பர் வீடு. இதோ, இந்த அண்ணனுக்கு நேர் மேல்வீடு" என்று என்னைக் காட்டினான். பிறகு எசென்குல் அண்ணனிடம் திரும்பினான். "உங்களுக்கு எதிர்க்கதவு. 'அனாதைப் பிணம் நாறுது, வந்து தூக்கிட்டுப் போங்க'ன்னு போன மாசம் எங்க ஆபீசுக்குப் போன் பண்ணினது நீங்கதானேண்ணே?"