முப்பதும் தப்பு

"முப்பதும் தப்பு" என்றார் வாத்தியார். சிவப்புப் பேனாவை மூடாமலே மேசையில் போட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நைட் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. சீருடையில் மருந்து வாடை இன்னும் போகவில்லை.

தாளில் முப்பது ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம், அடியில் மூன்று சின்னச் சொற்கள். பொருந்துகிற ஒன்றை வட்டமிட வேண்டும். இன், ஆன், அட், ஃபார் என்று இந்தப் பொடிச் சொற்களோடுதான் வாத்தியார் ஜெராக்ஸ் கடை மாடியில் பதினோரு வருஷமாக மல்லுக்கட்டுகிறார்.

"'டிபெண்ட்'னா 'ஆன்'. 'குட்'னா 'அட்'. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்னு சொன்னேனேம்மா."

"மறந்துடுது சார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் பெருமூச்சு விட்டான். "ஆறு மாசமா இதே பாட்டுதான் சார். வார்டுல ரிப்போர்ட் பூரா இங்கிலீஷ்ல இவதான் எழுதுறா. பெரிய டாக்டரே பாராட்டுவாராம். இங்க வந்தா மட்டும் மூளைக்குப் பூட்டுப் போட்டுக்கிறா."

"அது வேற, இது வேறங்க."

"என்ன வேற? நாளைக்கு ஏஜென்சியில இதே பரீட்சை. இருபது எடுத்தா அடுத்த மாசம் ஃபிளைட். இல்லைன்னா லிஸ்ட்லேர்ந்து பேரைத் தூக்கிடுவாங்க. வெளிநாட்டு வேலை சார், வாசல் வரைக்கும் வந்து நிக்குது."

"குழந்தை?" என்றார் வாத்தியார்.

"எங்கம்மா பாத்துப்பாங்க. ரெண்டு வயசுதானே, நாலு நாள் அழுவா, அப்புறம் மறந்துடுவா. அஞ்சு வருஷம் சிட்டாப் பறந்துடும்."

அவள் தன் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வாத்தியார் தாளை மறுபடி எடுத்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். எட்டாவது கேள்வியில் முதலில் சரியான சொல்லை வட்டமிட்டிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டுப் பக்கத்துச் சொல்லுக்குப் போயிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நாளைக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா சார்?"

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டியாச்சு. இவங்களுக்கு வராது, விட்டுடுங்க."

"தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே கணவன் எழுந்தான். வண்டியை எடுக்கப் படியிறங்கினான்.

அவளும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கீழே வண்டியை உதைக்கும் சத்தம் வரும்வரை வாத்தியார் காத்திருந்தார். பிறகு தாளை அவளிடம் நீட்டினார்.

"கண்ணை மூடிக்கிட்டு வட்டம் போட்டாக்கூட ஒரு பத்து சரியா வந்துடும்மா. முப்பதையும் தப்பாப் போடணும்னா முப்பதும் தெரிஞ்சிருக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேனாவை எடுத்து மூடினார்.

"நாளைக்கு அங்க பாத்துப் போடு. ஒரு பத்தாவது சரியா இருக்கட்டும்."