பென்சில் டிக்

மறுபடியும் அதே சிவப்பு விளக்கு. திரையில் அதே வாசகம்: பேப்பர் சிக்கியுள்ளது.

எங்கே சிக்கியிருக்கிறதாம்? கலர் காப்பி மெஷினின் நான்கு கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு, மெக்கானிக் அந்த ஆபீஸின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு துண்டு பேப்பர் இருந்தால் மீசையை எடுத்துவிட அவர் தயார்.

செவ்வாய்க்கிழமை ரோலரை மாற்றினார். புதன்கிழமை பெல்ட்டைக் கழற்றித் துடைத்தார். இன்று வியாழன். நாலு நிற டோனர் பொடியும் நகக்கண்ணில் ஏறியதுதான் மிச்சம்.

ரிசப்ஷன் பெண் மூன்று நாளாகக் கலர் காப்பிக்காக எதிர்க் கட்டடத்துக்கு நடக்கிறாள். போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

நேற்றுக் காலையில் முதலாளியும் போனில் கடித்துவிட்டார். ஒரு மெஷினை இரண்டு நாளாகக் கட்டிக்கொண்டு அழுகிறவனையா தலைமை மெக்கானிக்காகப் போடுவது என்று கேட்டார்.

அந்த வேலைக்காகத்தான் இவர் இத்தனை வருடம் காத்திருந்தார். தலைமை மெக்கானிக் என்றால் பட்டறையிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. மாடிமாடியாக ஏற வேண்டாம். இவருடைய முட்டி எப்போதோ கையை விரித்துவிட்டது.

போட்டிக்கு இருந்தது மாப்பிள்ளை ஒருவன்தான். தங்கையைக் கட்டியவன். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் வந்தவனுக்குத் தொழில் காட்டிக்கொடுத்து, முதலாளியிடம் கூட்டிப்போய் நிறுத்தியதே இவர்தான். "நீங்க இருக்கும்போது நான் யாரு மச்சான்?" என்று அவனே சொல்லிவிட்டான். அப்புறம் என்ன போட்டி!

இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகத்தைத் துடைத்துச் சரிபார்த்தால், அதன் மூடியின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக். டிக் இருந்தால் மற்றவர் அதைத் திறக்க மாட்டார். பதினோரு வருடமாக இப்படித்தான். இந்த மெஷினுக்குள்ளேயே ஏழெட்டு டிக் இருக்கும்.

திங்கட்கிழமை இந்த மெஷினுக்கு மாதாந்திர சர்வீஸ் செய்தது மாப்பிள்ளை. மறுநாளே கோளாறு. இவர் போன் போட்டுக் கேட்டபோது, "கண்ணை மட்டும் நோண்டாதீங்க மச்சான். நானே துடைச்சு டிக் போட்டுட்டேன்" என்றான்.

கண் என்றால் சென்சார். பேப்பர் வந்ததா, போனதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கடுகளவு சமாசாரம். அதன் மூடியில் டிக் இருந்தது. இவரும் மூன்று நாளாக அதைத் தாண்டித் தாண்டியே போய்க்கொண்டிருந்தார்.

இன்று திறந்து பார்க்க வேறெதுவும் மிச்சமில்லை. மனசுக்குள் மாப்பிள்ளையிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த மூடியைக் கழற்றினார்.

கண்ணின் மேல் ஒரு துணுக்கு வெள்ளை டேப்.

அட! கண் வேலை செய்கிறதா என்று பார்க்க இவர்கள் ஒட்டுகிற டேப்தான். ஒட்டினால் பேப்பர் நிற்கிறது என்று மெஷின் நம்பிவிடும். சோதித்ததும் பிய்த்துவிட வேண்டும். பிய்க்க வசதியாக ஒரு முனையை மடித்துவிடுவது இவர் சொல்லிக்கொடுத்த வித்தை. மடித்திருந்தது.

அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மறந்து தொலைத்திருக்கிறான் கழுதை! சாயங்காலம் வரட்டும், காதைத் திருகிவிடலாம்.

டேப்பைப் பிய்த்தார். விளக்கு பச்சையானது. மெஷின் ஒரு முறை முனகிவிட்டு, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார்.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல." குரல் தழுதழுத்தது. "நேத்தே அவருக்குத் தலைமை மெக்கானிக் ஆர்டர் கொடுத்துட்டாங்களாம். இப்பதான் சொல்றாரு. கண்ணு சரியா தெரியல, ஒரு மெஷினே பிடிபட மாட்டேங்குது, எனக்கு வேணாம், மாப்பிள்ளைக்கே கொடுங்கன்னு நீதான் முதலாளிகிட்ட சொல்லி அனுப்பினியாமே? எந்த அண்ணன் செய்வான் இப்படி!"

யார் மூலம் சொல்லி அனுப்பினேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்காக முதலாளியிடம் போய்ப் பேசக்கூடியவன் ஒருவன்தான்.

பாவி. வேறெங்கே ஒட்டியிருந்தாலும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். இவர் எதை நம்புவார் என்று தெரிந்து, அதற்கு அடியில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான்.

மறுமுனையில் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் சந்தோஷத்தில் அழுது அவர் கேட்டதில்லை.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

போனை வைத்தார். டேப் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிசப்ஷன் பெண் மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டு சர்வீஸ் நோட்டை நீட்டினாள். கோளாறுக்கான காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தூசி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். மறுபடியும் தரையில் உட்கார்ந்து, டிக் போட்ட மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.