பத்துக்கு ஒன்பது

“அப்பா செத்ததுக்கு நாலு மார்க்தான். அதுக்கு மேல கேக்காதீங்க,” என்றார் பைண்டர், கையில் பசை பிரஷ்ஷோடு.

“நான் அழுதுட்டேன் அண்ணே,” என்றாள் டைப்பிஸ்ட்.

“நீ பேர் போடும்போதே அழுவே. சாகப்போற மனுஷன் எட்டு நிமிஷம் வசனம் பேசுறாரு. அவ்வளவு தெம்பு இருந்தா எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கலாம்ல?”

புத்தகம் கொடுக்கும் கவுண்டரில் உட்காரும் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நூலகத்தின் பின்னறையில், கிழிந்த புத்தகங்களுக்கு நடுவே நடக்கும் சினிமாக் கூட்டம் இது. வாய்விட்டுச் சிரித்தால் மூன்று பேருக்கும் வேலை போய்விடும்.

நூலகர் மேடத்துக்குச் சத்தம் என்றாலே ஆகாது. மின்விசிறி கிறீச்சிட்டால்கூட அதை முறைத்துப் பார்ப்பார். இருபத்தெட்டு வருடமாகக் கிசுகிசுத்தே நிர்வாகம் நடத்தியவர், இன்று அதற்கும் குரலில்லாமல் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகக் கூட்டத்தில் நிறையப் பேச வேண்டியதாகிவிட்டது என்று பாதி சைகையில் சொல்லிவிட்டு, வெந்நீர் பிளாஸ்க்கோடு அறைக்குள் போய்விட்டார்.

“இவங்களுக்குத் தொண்டை கட்டினா என்ன, கட்டாட்டி என்ன? நமக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?” என்றார் பைண்டர்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இவர்களும் படம் பார்த்தார்கள். வெள்ளி மதியம் வாசகர்கள் வர மாட்டார்கள், அது அலமாரிகளை ஒழுங்குபடுத்தும் நேரம். மேடம் கூட்டத்துக்குக் கிளம்பிய கால் மணி நேரத்தில் மூவரும் கதவைப் பூட்டிக்கொண்டு தியேட்டருக்கு ஓடிவிட்டார்கள். ‘ஆறு அலமாரிகள் அடுக்கப்பட்டன’ என்று அறிக்கை அடித்தது டைப்பிஸ்ட். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு மேடத்தின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது. அது வேறு விஷயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொண்டால்தான் நிம்மதியாகப் படம் பார்க்க முடியும்.

பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை உண்டு. நூலகத்தில் புத்தகத்துக்குப் போடுவதுபோலவே தலைப்பு, இயக்குநர், வருடம் எல்லாம் முறைப்படி அடித்து, கீழே மார்க். ‘சிதைந்தவை’ என்று எழுதி ஒட்டிய இழுப்பறையில் இதுவரை எழுபத்துமூன்று அட்டைகள் சேர்ந்திருந்தன. அதை வேறு யாரும் திறப்பதில்லை.

“கதை மூணு. பாட்டு ஏழு. சண்டை?” என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

“தலைக்கு மேல தூக்குன லாரியைத் திரும்பவும் ஒழுங்கா ஓரமா நிறுத்தினாரு பாரு, அந்தப் பொறுப்புக்கே எட்டு,” என்றார் அக்கா.

“விசில்?”

மூவர் முகமும் மலர்ந்தது. ஹீரோ திரையில் வந்ததும் பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. ஸ்பீக்கரையே அமுக்கிய விசில். அதைக் கேட்டுத்தான் மொத்தப் பால்கனியும் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தது.

“பத்து. யோசிக்கவே வேணாம்,” என்றார் பைண்டர். “அந்த ஆளு யாருன்னு மட்டும் தெரியட்டும், கால்லயே விழுந்துடுவேன்.”

“ஒன்பதுதான். வில்லன் வந்தப்பவும் அதே விசிலு அண்ணே. ஒரு பக்கமா இருக்க வேணாமா?” என்றாள் டைப்பிஸ்ட்.

நியாயம்தான் என்று சபை ஒப்புக்கொண்டது. அட்டையில் ஒன்பது ஏறியது.

அதற்குள் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மணி வைத்தால் சத்தம் வரும் என்று மேடம் ஆளைக் கூப்பிட விளக்குதான் வைத்திருந்தார். புதுப் புத்தகங்களின் அட்டைகளைச் சரிபார்க்கக் கேட்கிறார் என்று டைப்பிஸ்ட்டுக்குத் தெரியும். மேஜையில் கிடந்த நாற்பது அட்டைகளை அள்ளினாள், பட அட்டை என்று ஒன்றை இழுப்பறைக்குள் தள்ளினாள், ஓட்டமாகப் போய் மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அரை மணி கழித்து, போன மாதப் படத்துக்கு என்ன மார்க் போட்டோம் என்று பார்க்க அக்கா இழுப்பறையைத் திறந்தார். மேலே கிடந்தது தேனீ வளர்ப்புப் புத்தகத்தின் அட்டை.

“அப்ப நம்ம அட்டை எங்கே?” என்றார் அக்கா.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

மேடத்தின் முன்னால் அந்த அட்டை இருந்தது. பக்கத்தில் நிரந்தர உத்தரவு, அதன்மேல் மூடி திறந்த பேனா. மூன்று வருடம் காத்திருந்த வேலையை ஒரு படத்துக்காகத் தொலைத்துவிட்டோமே என்று டைப்பிஸ்ட்டுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“வெள்ளிக்கிழமை ஆறு அலமாரி அடுக்கியிருக்கீங்க,” என்றார் மேடம். காற்றுதான் வந்தது. “இது எந்த அலமாரில கிடைச்சுது?”

இதற்கு மேல் பொய் வரவில்லை. “படத்துக்குப் போனோம் மேடம். அறிக்கை பொய். டிக்கெட் எடுத்தது நான்தான், அண்ணனையும் அக்காவையும் விட்டுடுங்க. ஆறு அலமாரியையும் இன்னிக்கே அடுக்கிடுறேன்.”

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வந்து உட்கார்ந்து வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். பேனாவை எடுத்து உத்தரவின்மேல் வைத்தவர், கையெழுத்துப் போடாமல் அட்டையின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

“விசிலுக்கு ஏன்மா ஒரு மார்க்கைக் குறைச்சே?”