இடது கதவு

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பனைப் பார்க்க வந்த குகதாசன், நோர்வேயின் மலைப்பாதையில் கார் நின்ற இடமெல்லாம் பழக்கதோஷத்தில் இடதுபக்கக் கதவைத்தான் திறந்தான். ஊரில் அது பக்கத்தில் இருப்பவனின் கதவு, இங்கே ஓட்டுபவனுடையது. ஸ்டியரிங்கைக் கண்டதும் அசடு வழிய மறுபக்கம் போவான். பல வருடங்களாக இங்கேயே இருக்கும் தயாபரன் விழுந்து விழுந்து சிரிப்பான். இராச்சாப்பாட்டு நேரத்திலும் வெயில் எறித்தது. "இஞ்ச எப்பதானடா இருட்டும்?" என்று குகதாசன் கேட்கும்போதெல்லாம், "ஆவணி பிறக்கட்டும், பாப்பம்" என்பான்.

ஃபியோர்டைக் கடக்கக் காரோடு படகில் ஏறினார்கள். மேல்தளத்தில் நின்று, நீருக்குள் செங்குத்தாக இறங்கும் மலைகளைப் பார்த்தார்கள். கரை நெருங்கியதும் முன்னால் இறங்கி வந்த குகதாசன், மறுபடியும் இடது கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். அவன் எழும்புவதற்குள் தயாபரன் வலதுபக்கம் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

"பகிடி விடாதை. எனக்குக் கார் ஓடத் தெரியாதெண்டு உனக்குத் தெரியுந்தானே."

"என்ன மச்சான் கதைக்கிறாய்? இவ்வளவு தூரமும் நீதானே ஓடிக்கொண்டு வந்தனீ?" தயாபரனின் முகத்தில் சிரிப்பில்லை. கொஞ்சம் பயம் இருந்தது.

படகின் வாய் திறந்தது. பின்னாலிருந்த கார்கள் ஹோர்ன் அடித்தன. சட்டைப்பையைத் தடவிய குகதாசனின் கையில் சாவி அகப்பட்டது.

கார் கரையேறி முதல் வளைவில் திரும்பியது. வெயிலில் கண் கூசியது.

"இஞ்ச எப்பதானடா இருட்டும்?" என்றான் தயாபரன்.

குகதாசன் கியரை மாற்றினான். "ஆவணி பிறக்கட்டும், பாப்பம்."