பதினெட்டாவது கால்

பன்னிரண்டாவது தடவையாக வேதமுத்து அந்தச் சிப்பைச் சாக்கெட்டில் வைத்து லீவரை அழுத்தினான்.

எஃப் எஃப். எஃப் எஃப். எஃப் எஃப்.

சிப்பில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும் புரோகிராமர் பெட்டியின் சிவப்பு எழுத்துகள் சனிக்கிழமையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. சிப் காலி.

முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த அந்தச் சிப்தான் மாஸ்டர். பட்டறை போடப்போகும் புது மாடல் எலெக்ட்ரானிக் தராசின் மூளை முழுக்க அதற்குள் இருந்தது. எழுதிக் கொடுத்த என்ஜினீயர் மஸ்கட் போய்விட்டார். வேறு பிரதி கிடையாது.

அதைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி வேதமுத்துவிடம்தான் இருந்தது. சனிக்கிழமை மாஸ்டரை மேஜையிலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் எஃப் எஃப்.

பழைய சிப்புகளை ஊதா விளக்குப் பெட்டிக்குள் இருபது நிமிடம் வைத்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அது அக்தர் பானுவின் வேலை. மற்றவற்றோடு மாஸ்டரையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள் என்று அன்று சாயங்காலமே முதலாளி பிரம்மநாயகம் அவளை வேலையை விட்டு அனுப்பினார். சாட்சி இருந்தது. அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை.

பதினொன்று வைத்தேன், பதினொன்றுதான் எடுத்தேன் என்று பானு சொன்னது எடுபடவில்லை. புருஷன் ஆஸ்துமாவில் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் சம்பளத்தில்தான் தாராவியில் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. போகும்போது வேதமுத்துவை மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அவன் குனிந்து சால்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து மனிதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. வயிறு சரியில்லை என்றான். சோறும் இறங்காததால் மனைவி இருதயமேரி நம்பிவிட்டாள். இன்று விடிந்ததும் பாண்டுப்பில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர் பட்டறைக் கதவை அவனே திறந்தான்.

வந்ததிலிருந்து இதுதான் வேலை. பூட்டின கதவையே இழுத்து இழுத்துப் பார்க்கிறவன் மாதிரி வைப்பதும் அழுத்துவதும் எடுப்பதும்.

பானுவின் டிபன் டப்பா அலமாரி மேல் அப்படியே இருந்தது. அது கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

கை சும்மா இருக்கமாட்டாமல், சிப்பை எடுத்துவிட்டு வெறும் சாக்கெட்டிலேயே லீவரை அழுத்தினான்.

எஃப் எஃப்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். காலிச் சிப்பை வைத்தாலும் எஃப் எஃப். சிப்பே வைக்காவிட்டாலும் எஃப் எஃப்.

தட்டு உடைந்து ரிப்பேருக்கு வந்திருந்த பழைய மாடல் தராசைப் பிரித்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதன் சிப்பைக் கழற்றி வைத்தான். அதையும் காலி என்றது புரோகிராமர்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சாக்கெட்டுக்குள் பார்த்தான். எண்பத்தாறாம் வருஷத்து மழை ஈரம் அங்கேயும் புகுந்திருந்தது. சிப்பின் பதினெட்டாவது காலைப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் நாக்கு கறுத்துப்போய், ஒரு மயிரளவு தாழ்ந்து கிடந்தது. சிப்பை எழுப்புகிற கால் அது. அதைத் தொடாவிட்டால் உள்ளே என்ன இருந்தாலும் சிப் வாய் திறக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தையல் ஊசியால் நாக்கை மெல்ல நெம்பி நிமிர்த்தினான். பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தான். மாதாவை வேண்டிக்கொண்டு மாஸ்டரை வைத்து அழுத்தினான்.

மூன்று ஒன்று. சி மூன்று. ஏழு ஈ.

எண்கள் மாறி மாறி ஓடின. ஒரு வரிகூட அழியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவைத் தானே தாராவிக்குக் கொண்டுபோய், நாளைக்கே வேலைக்கு வா என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. வேறு எதையும் யோசிக்காமல் குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. மாஸ்டர் அழியவே இல்ல. சாக்கெட்லதான் கான்டாக்ட் இல்லாம இருந்திருக்கு. பானு இதை விளக்குப் பெட்டிக்குள்ள வைக்கவே இல்ல."

அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த பிரம்மநாயகம், பிளைவுட் தடுப்பைச் சுற்றிப் பனியனோடு ஓடி வந்தார். எண்களைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக வேதமுத்துவின் தோளைத் தட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு எழுந்த கை பாதியிலேயே நின்றது.

"அவ உள்ள வச்சத கண்ணால பாத்தேன்னு நீதானல சொன்ன. எதைப் பாத்த?"