மீன்கள் திரும்பிய பக்கம்

மதிய வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக அக்காவின் உயிர்மீன் கடைத் தொட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு விழுகிறது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. அண்டா வாய் அகலமுள்ள ஸ்பீக்கர் ஒன்றுக்கு மூன்று நாளாகப் பசை தடவிப் புதுக் காகிதக் கூம்பு ஒட்டியிருக்கிறான். எடுத்துப்போக வந்தவர்கள் வண்டியோடு வாசலில் நிற்கிறார்கள். இருப்பதிலேயே கீழ்ச்சுருதியான பேஸ் சத்தத்தைப் போட்டுவிட்டுக் காதை நீட்டுகிறான். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கூட்டுகிறான். ஊஹும். "போச்சுக்கா, மூணு நாள் பாடும் பாழ்" என்று கூம்பைக் கிழித்தெடுக்கக் கத்தியைத் தேடுகிறான்.

அக்கா தொட்டிக்குள் குனிந்து பார்க்கிறாள். தொட்டியில் யாரும் கை வைக்காமலே வளையங்கள் எழுகின்றன. மயிரிழைபோல் மெல்லிய வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வெயில் துண்டு அவற்றின் மேல் நூறாக உடைந்து நடுங்குகிறது. காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்த மீன்கள் அத்தனையும், செவுள் மட்டும் அசைய, பலகைத் தடுப்பைப் பார்த்து ஒரே வரிசையாய் நிற்கின்றன.

"டேய், கிழிச்சிடாதே. இங்க வந்து பாரு" என்கிறாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

தம்பி வந்து தொட்டி விளிம்பில் பசை காய்ந்த விரலை வைக்கிறான். காதுக்கு எட்டாத அந்தச் சத்தத்தின் அதிர்வு முழங்கைவரை ஏறுகிறது. வாய் திறந்தபடியே நிற்கிறான்.

பையோடு காத்திருக்கும் பெரியவர், "அந்தப் பெருசையே பிடிச்சு வெட்டுங்கம்மா" என்கிறார். மீனைப் பிடிக்கத் தண்ணீருக்கு மேல் நீட்டிய தன் கையை அக்கா பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.

"கொஞ்சம் பொறுங்க. அது கேட்டுக்கிட்டு இருக்கு."