கருங்கல் ஓட்டிய வண்டி

"இந்தப் பொம்பளைக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

டிராமில் பாதிப் பேர் கத்தினார்கள். கத்தியதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஒரு மனிதர் துணிப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடி வந்தார். கதவு கைக்கெட்டும் தூரம்தான். ஓட்டுநர் அவரைக் கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துவிட்டே கதவை மூடினாள். வண்டி நகர்ந்தது.

முன் இருக்கையில் பயணியோடு பயணியாக உட்கார்ந்திருந்த போக்குவரத்து அதிகாரிக்கு ரத்தம் கொதித்தது. அவர் வந்ததே இதற்காகத்தான். யாருக்காகவும் நிற்காத அவளுக்குப் பயணிகள் வைத்த பெயர் கருங்கல். புகார் மேல் புகார். இன்று நேரில் பார்த்துவிட்டு, அவளை இந்தத் தடத்திலிருந்தே தூக்கிவிடும் முடிவோடு ஏறியிருந்தார்.

கடைசி நிறுத்தம் வந்ததும் ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டினார்.

"நான் யார்னு தெரியுதாம்மா?"

"தெரியுது சார்."

"அந்த மனுஷன் ஓடி வந்ததைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துமா கதவைச் சாத்தினீங்க? அரை நிமிஷம் நின்னா குடியா முழுகிடும்?"

"முழுகிடும் சார்."

மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் அதிகாரி நினைத்திருந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் கை காட்டினாள். எதிரே ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிராமிலிருந்து இறங்கியவர்கள் அதை நோக்கி விரைந்தார்கள். மகன் கையைப் பிடித்து நடந்த பெரியவர், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்ட தாய், இரண்டு நர்ஸ்கள். கடைசி ஆள் படியில் கால் வைத்ததுமே பஸ் கிளம்பிவிட்டது.

"பெரிய ஆஸ்பத்திரி பஸ் சார். நமக்காகக் காத்திருக்காது. அடுத்தது மத்தியானம்தான்."

"அதுக்காக..."

"எனக்கு முன்னாடி ஓட்டினவர் தங்கமான மனுஷர். ஓடி வர்ற எல்லாருக்கும் நிப்பார். இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு நின்னு நின்னு, இங்க வந்து சேர்றப்போ பஸ் போயிருக்கும். ஓடி வந்து ஏறினவங்க அவரை வாழ்த்தினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற இவங்க அதோ அந்த பெஞ்சுல உட்கார்ந்து அழுதாங்க. டிராமைத் தவற விட்டவங்களுக்குப் பின்னாலயே அடுத்த டிராம் வருது. இவங்களுக்கு என்ன சார் வருது?"

அதிகாரி பஸ் போன திசையைப் பார்த்தார்.

"என்னை மாத்தத்தான் வந்திருக்கீங்க. மாத்துங்க. ஆனா இந்தத் தடத்துல இருக்கிற வரைக்கும் நான் இப்படித்தான் ஓட்டுவேன்."

அவர் பார்வை காலியான பெஞ்சுக்குப் போனது.

"மாத்தல. நீங்களே ஓட்டுங்க. புகாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

படியில் இறங்கப் போனவர் திரும்பினார்.

"இருந்தாலும் அந்த ஆளை நினைச்சாத்தான் மனசு கேக்கலம்மா. பாவம், என்ன அவசரமோ."

"அவருக்கு ஒரு அவசரமும் இல்ல சார்" என்றாள் கருங்கல். "நான் மறந்துட்டு வந்த சாப்பாட்டைக் கொடுக்கத்தான் ஓடி வந்தார். என் வீட்டுக்காரர்."